கர்த்தருக்குச் சித்தமானால்

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணப் பத்திரிகைகளில் தேதிக்கு முன்னால் இரண்டு வார்த்தைகள் இருக்கும். 'கர்த்தருக்குச் சித்தமானால்'. யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம், அச்சகக்காரரே போட்டுவிடுவார். தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் பக்கமெல்லாம் இதுதான் வழக்கம். சின்ன வயதில் அதைத் தேதியின் ஒரு பகுதி என்றே நான் நினைத்திருந்தேன். யாக்கோபு எழுதின நிருபத்தின் நாலாம் அதிகாரத்திலிருந்து வந்தது அது. நாளைக்கு இன்ன பட்டணத்துக்குப் போவோம், ஒரு வருஷம் இருந்து சம்பாதிப்போம் என்று பேசுகிறவர்களைப் பார்த்து, நாளை உன் கையிலா இருக்கிறது என்று யாக்கோபு கேட்கும் இடம். பழைய மிஷனரிகள் லத்தீனில் 'தேயோ வொலெந்தே' என்பதைச் சுருக்கி 'டி.வி.' என்று கடிதங்களில் போடுவார்கள். காயல்பட்டினத்துக்காரர்கள் 'இன்ஷா அல்லாஹ்' என்கிறார்கள். எங்கள் அம்மா, பக்கத்துத் தெருவுக்குப் போகும்போதுகூட "சித்தமானா சாயங்காலம் வாரேன்" என்பாள்.

என் அக்கா மகள் கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் இருந்தது. கர்த்தருக்குச் சித்தமானால் 28.12.2023, வியாழக்கிழமை. டிசம்பர் 17-ஆம் தேதி மழை பிடித்தது.

அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் 2011-இல் நான் சொன்ன ஒரு வாக்கியத்தைச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

அந்த வருஷம் அக்காவின் மூத்த பிள்ளை திருச்செந்தூர் ரோட்டில் பைக்கில் போகும்போது லாரி அடித்து இறந்துபோனான். இருபத்தோரு வயது. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள். வீட்டில் ஜெபக்கூட்டம். ஐயர் பேசி முடித்து, பாட்டு முடிந்து, எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு தவிப்பு. சபையில் வாசிக்கிற ஆள், வேதபாடம் எடுக்கிற ஆள், தம்பி வேறு. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அக்கா, ஆண்டவர் ஒரு திட்டம் வச்சிருப்பாரு. நமக்கு இப்போ புரியாது" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"திட்டம் போடும்போது எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் என்னோடு சரியாகப் பேசவில்லை. சண்டையெல்லாம் கிடையாது. போனால் சாப்பாடு போடுவாள். ஆனால் நான் ஆறுதல் சொல்ல வாய் திறக்கிற மாதிரி தெரிந்தாலே அடுக்களைக்குள் போய்விடுவாள்.

என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று வெகுநாள் எனக்குத் தெரியவில்லை. சபையில் எல்லோரும் சொல்வதைத்தானே சொன்னேன். தெரியவைத்தது, வேடிக்கைதான், என் உத்தியோகம். நான் அரசாங்கத்தில் சாலை போடுகிற வேலையில் இருந்தவன். திட்டம் என்பது எனக்குப் பிரசங்க வார்த்தை இல்லை, தினசரி வேலை. வரைபடம், எஸ்டிமேட், திருத்திய எஸ்டிமேட், எம்-புக். ஒரு புறவழிச்சாலைக்கு நேர்கோடு போடும்போது நடுவில் ஒரு வீடு வரும். வீடு என்று நாங்கள் சொல்ல மாட்டோம், சர்வே நம்பர் என்போம். முற்றத்தில் ஒரு கிழவி நார்க்கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பாள். படத்தில் அவள் இருக்க மாட்டாள். கெட்டவர்கள் என்பதால் நாங்கள் அப்படிச் செய்யவில்லை. திட்டம் என்றாலே அப்படித்தான். பெரிய நன்மைக்காகச் சின்ன நஷ்டங்களைக் கணக்கில் ஏற்றிக்கொள்ளும். நஷ்டஈடும் கொடுக்கும். சாலை வந்த பிறகு பார்த்தால் திட்டம் சரிதான் என்றும் தெரியும், ஆயிரம் பேருக்குப் பிரயோஜனம். அந்த ஆயிரம் பேரில் கிழவி இருக்க மாட்டாள்.

அக்காவிடம் நான் சொன்னது இதைத்தான். உன் பிள்ளை ஒரு சர்வே நம்பர் என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் தேவன் பேரில்.

ஜெபக்கூட்டங்களில் 'சாட்சி' சொல்லும் நேரம் ஒன்று உண்டு. அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். "மூணு நிமிஷம் லேட்டாயிட்டு, பஸ்ஸ விட்டுட்டேன். அந்த பஸ்தான் கவுந்துச்சு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." கூட்டமும் ஸ்தோத்திரம் சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸைப் பிடித்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் கூட்டத்தின் சுருதி கெட்டுவிடும். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கடல் வந்தபோது குமரிக் கடற்கரையிலும் வேளாங்கண்ணியிலும் செத்தவர்களில் எத்தனையோ பேர் முந்தின நாள்தான் பண்டிகை கொண்டாடியவர்கள். வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு வந்தவர்கள். அந்த ஜனவரி முழுக்க, தப்பினவர்களின் சாட்சிகளைக் கேட்டேன். தப்பினவர் நன்றி சொல்வது நியாயம், சொல்லாமல் எப்படி இருப்பார்? ஆனால் அந்த நன்றியை ஒரு விளக்கமாக மாற்றினதும், செத்தவர்களைப் பற்றியும் ஒரு தீர்ப்பு சொல்லப்பட்டுவிடுகிறது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இயேசுவிடமே இந்தக் கேள்வியின் ஒரு வடிவம் வந்தது. பிலாத்து சில கலிலேயரைப் பலியிடும் இடத்திலேயே கொன்ற செய்தியைக் கொண்டுவந்தார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததை அவரே சேர்த்துச் சொல்கிறார். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்றால் இல்லை என்கிறார், அதோடு கேட்டவர்களைப் பார்த்து நீங்கள் மனந்திரும்புங்கள் என்று திரும்பிவிடுகிறார். கோபுரம் ஏன் விழுந்தது, அதில் பிதாவின் திட்டம் என்ன என்று ஒரு வார்த்தை இல்லை. தெரிந்து சொல்லக்கூடியவர் ஒருவர் உண்டென்றால் அவர்தான். அவர் சொல்லாததை நான் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

இதில் எனக்குச் சொந்தமான ஒரு சிக்கலும் உண்டு. 1876-78 தாது வருஷப் பஞ்சம். திருநெல்வேலிச் சீமையில் அந்த வருஷங்களிலும் அதை ஒட்டியும் ஆயிரக்கணக்கானவர்கள் சபையில் சேர்ந்தார்கள். கால்டுவெல் பிஷப்பான காலம். எங்கள் குடும்பமும் அப்போது சேர்ந்ததுதான் என்று பாட்டையா சொல்லக் கேட்டிருக்கிறேன். கஞ்சிக்காகச் சேர்ந்தார்களா, கஞ்சி ஊற்றினவர்களைப் பார்த்துச் சேர்ந்தார்களா என்ற வாக்குவாதத்துக்குள் நான் போகவில்லை. இரண்டுமாகத்தான் இருக்கும். எனக்கிருக்கிற கேள்வி வேறு. நான் இந்த விசுவாசத்துக்குள் பிறந்தது தேவனுடைய திட்டம் என்றால், அந்தப் பஞ்சமும் திட்டத்தில் ஒரு வரியா? சென்னை மாகாணத்திலும் மற்ற இடங்களிலும் லட்சம் லட்சமாகச் செத்தவர்கள், நான் ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனை பாடுவதற்கான எஸ்டிமேட்டா? அப்படி ஒரு தேவனை என்னால் பயப்பட முடியும், நம்ப முடியாது. இரண்டும் வேறு வேறு காரியம்.

சி.எஸ்.லூயிஸ் 1940-இல் 'தி ப்ராப்ளம் ஆஃப் பெயின்' என்று ஒரு புத்தகம் எழுதினார். வேதனை ஏன் இருக்கிறது, நல்ல தேவன் அதை ஏன் அனுமதிக்கிறார் என்று படிப்படியாகக் கட்டிக்கொண்டு போகிற புத்தகம். எங்கள் வேதபாட வகுப்புகளுக்கு நான் அதிலிருந்து நிறைய எடுத்திருக்கிறேன். 1960-இல் அவருடைய மனைவி புற்றுநோயில் இறந்தார். அடுத்த வருஷம் 'எ கிரீஃப் அப்சர்வ்ட்' வந்தது, என்.டபிள்யூ.கிளார்க் என்ற புனைபெயரில். இதில் கட்டுமானம் இல்லை. முக்கால்வாசி கோபமும் கேள்வியும். முதல் புத்தகம் பொய், இரண்டாவதுதான் மெய் என்று சிலர் பேசுகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலாவது பொதுவான வேதனையைப் பற்றியது. இரண்டாவது ஒரு பெயருள்ள பெண்ணைப் பற்றியது. என் தப்பு, இரண்டாவது வீட்டுக்கு முதல் புத்தகத்தைக் கொண்டுபோனது.

அக்கா பேசாமல் இருந்த அந்த வருஷத்தில்தான் எரேமியா 29-ஐ முழுசாக வாசித்தேன். முழுசாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பதினொன்றாம் வசனம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது அந்த வசனம் கையில் வந்தால் முகம் மலரும். உங்களுக்காக நான் வைத்திருப்பது தீமையல்ல, நன்மை, எதிர்காலம் என்கிற தோரணையில் வரும் வசனம். காலண்டரில், காப்பிக் கோப்பையில், கார்க் கண்ணாடியில் எல்லாம் பார்த்திருப்பீர்கள். வேலை கிடைக்கும், விசா கிடைக்கும் என்பதற்கு அதுதான் ஆதாரம்.

அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். ஜனங்களுக்குப் பிடித்த ஆள். இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும், ஆலயத்துப் பாத்திரங்கள் திரும்பி வரும், போனவர்கள் வீடு வருவார்கள் என்கிறான். எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தை எல்லோர் முன்பாகவும் பிடுங்கி உடைக்கவும் செய்கிறான். எரேமியா கடிதத்தில் எழுதுவதோ எழுபது வருஷம். எழுபது! வாசித்தவர்களில் வளர்ந்த ஆட்கள் யாரும் ஊர் திரும்பப் போவதில்லை என்று அர்த்தம். ஆகவே வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டுச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டு போன அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்கிறான். இத்தனைக்கும் பிறகுதான் அந்தப் பதினொன்றாம் வசனம் வருகிறது.

நாம் கார்க் கண்ணாடியில் ஒட்டியிருப்பது எரேமியாவின் வார்த்தையை, அனனியாவின் அர்த்தத்தில்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. எங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தில் அந்த வசனத்தில் 'திட்டம்' என்ற வார்த்தையே இல்லை. 'நினைவுகள்' என்று இருக்கிறது. 1611 ஆங்கில வேதாகமத்திலும் அப்படித்தான், நினைவுகள். பின்னால் வந்த புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகளில்தான் அது 'பிளான்' ஆனது. அதன் பிறகு நம்முடைய பிரசங்கங்களிலும் திட்டம் குடியேறிவிட்டது. அம்மா வாயில் நான் ஒருநாளும் திட்டம் என்று கேட்டதில்லை. சித்தம் என்பாள், இல்லாவிட்டால் "ஆண்டவரு நெனச்சா" என்பாள். நியாயமாகச் சொன்னால் எபிரேயச் சொல்லுக்குள் இரண்டுக்குமே இடம் இருக்கிறது. யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்துக்கான வேலைப்பாடுகளை யோசித்துச் செய்வதற்கும் அதே சொல்தான். ஆகவே திட்டம் என்று மொழிபெயர்த்தவர்கள் தப்புச் செய்துவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தமிழில் இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் எவ்வளவு தூரம்! ஒரு திட்டத்தில் நான் இருக்கிறேன் என்றால் எனக்கு அதில் ஒரு உபயோகம் இருக்கிறது. ஒருவர் நினைவில் நான் இருக்கிறேன் என்றால் உபயோகம் இருக்க வேண்டும் என்றில்லை. செத்துப்போனவனும் நினைவில் இருக்கலாம். திட்டத்தில் அவனுக்கு வேலை முடிந்துவிட்டது.

இதைக் கண்டுபிடித்ததும் அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று ஆசை வந்தது. நல்லவேளை, போகவில்லை. அது இன்னொரு காப்பி டம்ளராகத்தான் இருந்திருக்கும்.

அவளாகவே ஒருநாள் பேச ஆரம்பித்தாள். பெரிய காரணமெல்லாம் இல்லை. கல்லறைத் திருநாளுக்குப் போயிருந்தேன், கல்லறையைச் சுற்றிப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தோம். "பிள்ளைக்கு வலதுகால் செருப்புதான் சீக்கிரம் தேயும், தெரியுமால ஒனக்கு?" என்றாள். தெரியாது என்றேன். அரைமணி நேரம் அவனைப் பற்றியே பேசினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. யோபுவின் சிநேகிதர்கள் செய்த ஒரே நல்ல காரியம், வாய் திறப்பதற்கு முன்னால் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தது.

இனி மழை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒருநாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். எங்கள் ஊரில் ஒரு வருஷம் பெய்கிற மழையைவிட அதிகம். குளங்கள் உடைந்தன, தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது, அக்கம்பக்கத்து ஊர்மக்கள்தான் சமைத்துப் போட்டார்கள். அக்கா வீடு ஏரலுக்குப் பக்கத்தில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவில். 17-ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு, "முத்தத்துல தண்ணி வந்துட்டு, மாடிக்குப் போறோம்" என்று பேசினாள். அதோடு போன் அற்றுப்போனது. நான் சென்னையில்.

இரண்டரை நாள். என் வேதபாட ஞானம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. உமது சித்தம் ஆகட்டும் என்று சொல்ல முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கெத்செமனேயில் அந்த ஜெபத்தைச் சொன்னவர், தான் குடிக்க வேண்டிய பாத்திரத்தைக் குறித்துச் சொன்னார். அதற்கு முன்னால், முடியுமானால் இது நீங்கட்டும் என்றும் கேட்டார். அக்காவின் பாத்திரத்துக்கு நான் எப்படிச் சம்மதம் கொடுக்க? கடைசியில் அவள் பெயரையும், மகள் பெயரையும், அத்தான் பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெபமா, பதற்றமா, தெரியாது. யாரிடமோ ஞாபகப்படுத்துகிற மாதிரி. அதற்கு நடுவில் கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறைக்கு நாற்பது தடவையாவது போன் அடித்திருப்பேன். விசுவாசம் இருந்தால் பதறக் கூடாது என்று சொல்கிறவர்களுக்கு ஏரலில் அக்கா இல்லை என்று நினைக்கிறேன்.

20-ஆம் தேதி மதியம் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள். மாடியில் பதினாலு பேர். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு சாக்கு அரிசியை மேலே ஏற்றியிருந்ததால் கஞ்சி காய்ச்சிக் குடித்திருக்கிறார்கள். மழைத்தண்ணீரைப் பானையில் பிடித்துக்கொண்டார்கள். ஆடு மூன்றும் போயிற்று. வாழை மொத்தமும் போயிற்று. கல்யாணச் சேலைகள் சேற்றுக்குள். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சை அடைத்தது. சொல்லிக்கொண்டே வந்தவள் திடீரென்று சிரித்தாள்.

"பத்திரிகையில போட்டிருந்தோம்லா, கர்த்தருக்குச் சித்தமானான்னு. பாத்துக்கோ."

"மேல இருந்து என்னக்கா நெனச்ச?"

"என்னத்த நெனைக்க. கீழ ஆடு கத்திக்கிட்டே இருந்துச்சு, அது அடங்குத வரைக்கும் ஒண்ணும் ஓடல. அப்புறம் பிள்ளைய நெனச்சேன். அவன் இருந்தா ஆட்ட அவுத்து மேல கொண்டாந்திருப்பான்."

கொஞ்ச நேரம் கழித்து, "ஆண்டவரு கூட இருந்தாரு. அத மட்டும் சொல்லுவேன். எதுக்கு இப்படி விட்டாருன்னு கேக்காத, எனக்குத் தெரியாது" என்றாள்.

நான் கேட்கவில்லை.

கல்யாணம் ஜனவரி 18-ஆம் தேதி நடந்தது. நனைந்து ஒட்டிப்போன பத்திரிகைகளைத் தூக்கிப்போட்டுவிட்டு எல்லோருக்கும் போனில்தான் சொன்னார்கள். வேதக்கோவில் சுவரில் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருந்தது. வெள்ளையடிக்க நேரமில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் வெள்ளத்தில் அடிபட்டவர்கள் என்பதால் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. மணப்பெண் தன் சிநேகிதியின் கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள். ஐயர் ஜெபத்தில், இந்தக் கல்யாணம் தள்ளிப்போனதிலும் தேவனுடைய திட்டம் இருந்தது என்றார். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஆமென் மட்டும் மற்றவர்களோடு சேர்ந்து சொன்னாள். அது ஐயருக்குச் சொன்ன ஆமெனா, வேறெதற்குமா, எனக்குத் தெரியாது.

அடுத்த மாதமே மறுபடி வாழைக் கன்று வைத்தாள். அத்தானுக்கு இஷ்டமில்லை. இந்த வயதில், இவ்வளவு கடனில், மறுபடி தண்ணீர் வந்தால் என்ன செய்ய என்று கேட்டார். வரும்போது பார்ப்போம் என்றிருக்கிறாள். பாபிலோனில் தோட்டம் போட்டவர்கள் வீட்டிலும் இந்தச் சண்டை நடந்திருக்கும்.

போன வாரம் பேசினாள். குலை தள்ளியிருக்கிறதாம், வந்து பார்த்துவிட்டுப் போ என்றாள்.

"கர்த்தருக்குச் சித்தமானா வெள்ளிக்கிழம வாரேன்க்கா."

"சித்தம் இருக்கட்டும். டிக்கெட் போட்டியால?"